தன் இதயத்துக்குள் தானே குழாய் செலுத்திய வைத்தியர்

இதய வால்வில் கசிவு உள்ளவருக்கு நெஞ்சைத் திறக்காமலே சிகிச்சை செய்யலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தொடையிலுள்ள நாளத்தில் சிறு துளையிட்டு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்துகிறார்கள். அதன் வழியே கொண்டுபோகும் கவ்வியால், சரியாக மூடாத வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குழாய்க்குப் பெயர் கதீற்றர். உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்துக்குள் அப்படியொரு குழாய் போய்ச் சேர்ந்திருப்பதை முதன்முதலில் எக்ஸ்ரே படத்தில் பதிந்து காட்டியவர் வேர்னர் போர்ஸ்மன் என்ற ஜேர்மன் வைத்தியர். சோதனைக்கு அவர் தெரிவு செய்த உடல் அவருடையதே.

1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932 தொடக்கம் 1945 வரை அவர் ஹிட்லரின் நாஸிக் கட்சியில் அங்கத்தவராக இருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் முதலாவதை விரித்துச் சொல்லி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். மனித உடலொன்றில் எதையேனும் சோதித்துப் பார்க்க யாருக்கு உரிமை இருக்கிறது, அந்தச் சோதனையால் எதை நிரூபிக்க முடியும் என்ற இரண்டு கேள்விகளும் அவருடைய வாழ்க்கை முழுவதும் ஓடுகின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்ஸ்மன் 1904 ஓகஸ்ட் 29ஆம் திகதி பேர்லினில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தந்தை சட்டம் படித்தவர். முதலாம் உலக யுத்தத்தில் படையில் இருந்த அவர் 1916இல் கொல்லப்பட்டார். தாய் அலுவலக வேலைக்குப் போனார். பாட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டார். யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைப்பதென்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டிலிருந்துதான் அவர் 1922இல் பேர்லின் பல்கலைக்கழகத்துக்கு வைத்தியம் படிக்கப் போனார். 1929இல், இன்னும் 25 வயதுகூட நிறையாத நிலையில், பேர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்ட என்ற சிறு நகரத்து வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பிரிவில் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இதயம் நின்றுபோகும் தறுவாயில் உள்ள நோயாளிக்கு மருந்து கொடுப்பதென்றால், நீண்ட ஊசியை நெஞ்சுச் சுவரின் ஊடாக நேரே இதயத்துக்குள் குத்துவதே வழியாக இருந்தது. ஊசி நுரையீரலில் படலாம். இதயத்தின் மேலே ஓடும் இரத்தக்குழாயைக் கிழிக்கலாம். காப்பாற்றப் போன கையே உயிரை எடுத்துவிடக்கூடிய வேலை அது. கைநாளத்தால் மெல்லிய குழாய் ஒன்றை விட்டால், இரத்தம் போகிற போக்கிலேயே அது இதயத்தின் வலது பக்கத்துக்குப் போய்ச் சேராதா என்று போர்ஸ்மன் யோசித்தார். இந்த யோசனை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷோவோ, மாரே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் குதிரையின் கழுத்து நாளத்தால் குழாய் விட்டு இதயத்தினுள் அழுத்தத்தை அளந்திருந்தார்கள். அந்தப் பரிசோதனையின் படம் பாடநூலில் இருந்தது. குதிரைக்கு எதுவும் ஆகவில்லை. மனிதனுக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும் என்பதே அந்த இளைஞரின் கேள்வி.

வைத்தியசாலையின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் ஷ்னைடர் அவருக்கு ஆதரவானவர்தான். ஆனாலும் நோயாளியில் செய்து பார்க்க அனுமதி கேட்டபோது மறுத்தார். அப்படியானால் என்னிலேயே செய்து பார்க்கிறேன் என்றபோது அதையும் தடுத்தார். தன்னைப் பெற்று வளர்த்த தாய்க்கு ஒரே பிள்ளையான இளைஞர், தான் பொறுப்பாக இருக்கும் இடத்தில், வேலை நேரத்தில் செத்துப்போனால் யார் பதில் சொல்வது? இதயத்தின் உட்புறத்தை வெளிப்பொருள் ஒன்று தொட்டால் துடிப்பு நின்றுவிடும் என்று பெரும்பாலான வைத்தியர்கள் நம்பிய காலம் அது. ஷ்னைடரைக் கோழை என்று சொல்வது இன்று இலகு. அவருடைய மறுப்பில் நியாயம் இருந்தது.

போர்ஸ்மன் கேட்கவில்லை. தொற்றுநீக்கிய உபகரணங்களுக்குப் பொறுப்பாக இருந்த தாதி கேர்டா டிற்சனுடன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, தன் யோசனையை விளக்கி, அவரைத் தன் பக்கம் இழுத்தார். அலுமாரியின் திறப்பு அவரிடம் இருந்தது. கதை கேட்ட தாதி, சோதனையைத் தன்னிலேயே செய்யும்படி முன்வந்தார். இதற்குப் பிறகு நடந்ததை போர்ஸ்மன் பல ஆண்டுகளின் பின் எழுதிய தன்வரலாற்றில் விபரமாகச் சொல்கிறார். 1929இல் அவரே எழுதிய வைத்தியக் கட்டுரை சில விபரங்களை வேறு விதமாகச் சொல்கிறது. முதல் முயற்சியில் சக வைத்தியர் ஒருவர் உதவியதாகவும், அவர் பாதியில் பயந்து நிறுத்திவிட்டதாகவும், பின்னர் தான் தனியே செய்ததாகவும் அக்கட்டுரையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. குழாய் போனது அவருடைய கையினூடாகத்தான். சாட்சிக்குப் படம் இருக்கிறது.

தன்வரலாற்றின்படி, மதிய உணவுக்குப் பிறகு வைத்தியசாலை ஓய்ந்திருந்த வேளையில் அவர் டிற்சனைச் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கவைத்துக் கை கால்களைக் கட்டினார். மயங்கி விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று தாதி நினைத்துக்கொண்டார். அவருடைய கையில் அயடீன் பூசிவிட்டு, மேசையின் மறுபக்கம் திரும்பி, தன் இடது முழங்கை மடிப்பில் விறைப்பூசி போட்டுக்கொண்டார். அது விறைத்ததும் தோலைக் கீறி, நாளத்தைத் திறந்து, 65 சென்ரிமீற்றர் நீளமான குழாயைச் செலுத்தத் தொடங்கினார். அது இதயத்துக்கென்று செய்யப்பட்ட குழாயல்ல. சிறுநீரகத்திலிருந்து வரும் வழியைச் சோதிக்கச் சிறுநீரக வைத்தியர்கள் பாவிக்கும் மெல்லிய கதீற்றர். நாளத்தின் சுவரோடு குழாய் உரசிப் போன இடமெல்லாம் இளஞ்சூடு ஏறியது போல இருந்தது என்றும், கழுத்தெலும்புக்குப் பின்னால் வந்தபோது இருமல் வரப் பார்த்தது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

குழாய் போதிய தூரம் போன பின்னரே தாதியின் கட்டை அவிழ்த்தார். ஏமாற்றப்பட்டதை அறிந்த டிற்சன் கோபப்பட்டார். ஆனாலும் எக்ஸ்ரே அறைக்குக் கூடவே போனார். அந்த அறை கீழ்த்தளத்தில். கையிலிருந்து தொங்கும் குழாயோடு அவர் படியிறங்கினார். செய்தி கேட்டு ஓடிவந்த சக வைத்தியர் பீற்றர் ரோமைஸ் குழாயைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்க்க, போர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்துத் தள்ள வேண்டியிருந்ததாம். தாதி ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அதில் தெரிந்த எக்ஸ்ரேத் திரையின் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துக் குழாயை மேலும் தள்ளினார். நுனி வலது சோணையறைக்குள் நின்றது. படம் எடுக்கப்பட்டது. இதயம் நிற்கவில்லை.

இந்தக் காட்சியை வீரக் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அதில் கேர்டா டிற்சனின் பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் ஒன்றுக்குச் சம்மதித்தார். அவருக்குச் செய்யப்பட்டது வேறொன்று. பாதிப்பு எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இதயக் கதீற்றரின் முதல் நாளிலேயே ஒருவருடைய நம்பிக்கை கட்டிப்போடப்பட்டிருந்தது.

ஷ்னைடர் முதலில் கோபித்தாலும், படத்தைப் பார்த்ததும் மனம் மாறினார். பிழைக்க வாய்ப்பில்லாத நிலையில் இருந்த பெண் நோயாளி ஒருவருக்கு இவ்வழியால் மருந்து செலுத்த அனுமதித்தார். அவரில் சிறிது நேரம் முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் அவர் இறந்தார். இவ்வளவையும் எழுதி அனுப்பிய கட்டுரை 1929 நவம்பரில் ஜேர்மனியின் வாராந்த வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது.

அதற்குள் அவர் பேர்லினின் பெரும் வைத்தியசாலையான ஷாரிட்டேக்குச் சம்பளமற்ற பதவியொன்றில் போயிருந்தார். அங்கே தலைவர் ஃபெர்டினாண்ட் ஸவர்புரூஹ். நெஞ்சுச் சத்திரசிகிச்சையில் உலகப் பெயர் பெற்றவர். வைத்தியசாலையில் அவர் வைத்ததே சட்டம். கட்டுரை வெளிவந்ததும் பத்திரிகைகள் அதைப் பரபரப்பாக்கின. 1912இலேயே இப்படி நாளத்தால் குழாய் விட்டிருக்கிறோம், எங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று பேர்லினின் இன்னொரு வைத்தியரான ஏர்ன்ஸ்ட் உங்கர் குற்றஞ்சாட்டினார். அவர்களிடம் எக்ஸ்ரேச் சாட்சி இருக்கவில்லை. ஆனால் குற்றச்சாட்டு குற்றச்சாட்டுத்தான். இப்படிப்பட்ட வேலை சர்க்கஸ் கூடாரத்துக்குத்தான் பொருந்தும், மதிப்புள்ள வைத்தியசாலைக்கு ஆகாது என்ற பொருளில் ஸவர்புரூஹ் சொல்லி அவரை வெளியேற்றியதாகச் சொல்லப்படுகிறது.

அவர் எபர்ஸ்வால்டவுக்குத் திரும்பினார். இம்முறை அவருடைய நோக்கம் குழாய் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்தி இதயத்தின் உட்புறத்தைப் படம் பிடிப்பது. முதலில் நாய்களில் செய்தார். ஆய்வுகூட வசதி இல்லாததால் நாய்களைத் தாயின் வீட்டில் வைத்துப் பராமரித்தார். பிறகு தன்னில் செய்தார். மொத்தத்தில் ஒன்பது தடவை தன் இதயத்துக்குள் குழாய் விட்டார் என்று கணக்குச் சொல்வார்கள். 1931இல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மண்டபத்தில் பெரிய சலனம் எதுவும் இல்லை. படங்களும் தெளிவாக வரவில்லை. ஷாரிட்டே மீண்டும் அவரைச் சேர்த்து, 1932இல் மீண்டும் அனுப்பிவிட்டது. அதன் பிறகு அவர் இதயத்தைக் கைவிட்டார். மைன்ஸ் நகரில் எல்ஸ்பெட் எங்கல் என்ற வைத்தியரைச் சந்தித்து 1933இல் மணமுடித்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். வருமானம் தரும் தொழிலாகச் சிறுநீரக வைத்தியத்தைப் பயின்று அதிலேயே நிலைகொண்டார். இதயத்துக்குப் போக உதவிய அந்தக் குழாயை, அது செய்யப்பட்ட வேலைக்கே மறுபடி பாவித்தார் என்று சொல்லலாம்.

இனி அந்த மற்றப் பக்கம்.

அவர் கட்சியில் சேர்ந்தது 1932இல், ஹிட்லர் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்னர். அதாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அரசாங்கக் கட்சியில் சேர வேண்டியிருந்தது என்ற வழமையான சமாதானம் அவருக்குப் பொருந்தாது. பதவிகளும் கிடைத்தன. டிறெஸ்டனிலும் பேர்லினிலும் பெரிய வைத்தியசாலைகளில் பொறுப்பில் இருந்தார். அதே ஆண்டுகளில் யூத வைத்தியர்கள் ஒவ்வொருவராகத் தொழிலிலிருந்து துரத்தப்பட்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் படை வைத்தியரானார். மேஜர் தரம் வரை உயர்ந்தார். யுத்தம் முடியும் தறுவாயில், சோவியத் படையிடம் அகப்படாமல் இருக்க எல்பே ஆற்றை நீந்திக் கடந்து அமெரிக்கரிடம் சரணடைந்தார். யுத்தக் கைதிகள் முகாமில் இருந்து 1945இல் விடுதலையானார்.

இதயத்துக்குள் குழாய் விட்ட மனிதரை அந்த அரசு பாவித்துக்கொள்ள நினைக்கவில்லையா? மேலிடத்துச் செல்வாக்குள்ளவர்கள் தன்னுடைய ஆய்வைத் தொடரக் கைதிகளைத் தர முன்வந்ததாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு பெரிய ஆதாரம் இல்லை. மறுபக்கம், அவர் கைதிகளில் சோதனை செய்தார் என்று யாரும் நிரூபித்ததும் இல்லை. நான் அவருடைய சொல்லை நம்பவே விரும்புகிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சோதனைக்குக் கைதிகள் கிடைப்பார்கள் என்று தெரிந்த ஒருவர், அப்படிக் கிடைக்கச் செய்த கட்சியின் அங்கத்துவத்தை அதன் கடைசி நாள் வரை வைத்திருந்தார்.

மறுக்காத வைத்தியர்கள் எத்தனையோ பேர். டாஹவ் முகாமில் கைதிகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார்கள். ராவென்ஸ்புரூக் முகாமில் போலந்துப் பெண்களின் கால்களைக் கீறி, கிருமியை ஏற்றி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். 1946 டிசம்பரில் நியூரம்பேர்க்கில் தொடங்கிய வைத்தியர்கள் வழக்கில் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 16 பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டார்கள். அவர்களில் ஏழு பேர் 1948இல் தூக்கிலிடப்பட்டார்கள். 1947 ஓகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்போடு சேர்த்து நீதிபதிகள் பத்து விதிகளையும் வகுத்தார்கள். சோதனைக்கு உட்படுபவர் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, எல்லாம் அறிந்து தாமே சம்மதிக்க வேண்டும் என்பது முதல் விதி. விரும்பும்போது விலகிக்கொள்ளலாம் என்பது ஒன்பதாவது. ஐந்தாவது விதி விசித்திரமானது. சாவோ நிரந்தர ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே கருத இடமிருந்தால் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது என்கிறது. ஒருவேளை சோதனை செய்யும் வைத்தியர்களும் அதற்கு உட்படுவார்களாயின் மட்டும் விலக்கு இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்கிறது. போர்ஸ்மனை மனதில் வைத்து எழுதப்பட்ட விதியல்ல அது. ஆனாலும் எபர்ஸ்வால்ட அறையில் நடந்தது அந்தக் கதவுக்குள்தான் வருகிறது.

அவரை நியூரம்பேர்க்குக்கு யாரும் அழைக்கவில்லை. நாஸி ஆட்சியில் பங்கெடுத்தவர்களைத் தரம் பிரித்த விசாரணையில், முக்கிய குற்றவாளிகளுக்கும் குற்றமற்றோருக்கும் இடையே, கூட்டத்தோடு கூட்டமாகப் போனவர்கள் என்றொரு வகுப்பு இருந்தது. இலட்சக்கணக்கானவர்களைப் போல அவரும் அதில் சேர்க்கப்பட்டார். சில ஆண்டுகள் வைத்தியம் பார்க்கத் தடை. அக்காலத்தில் மரம் வெட்டும் வேலைக்குப் போனதாகச் சொல்வார்கள். கறுப்புக் காட்டுப் பகுதியின் கிராமமொன்றில் மனைவி எல்ஸ்பெட் பொது வைத்தியராக வேலை செய்து எட்டுப் பேருக்குச் சோறு போட்டார். 1950இல் பாட் குரொய்ஸ்நாக் என்ற சிறு நகரில் போர்ஸ்மன் மீண்டும் சிறுநீரக வைத்தியரானார்.

இதற்கிடையே அவருடைய குழாய் கடல் கடந்து போயிருந்தது. நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் அந்த்ரே கூர்னாண்டும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் அவருடைய 1929 கட்டுரையைப் படித்தார்கள். அவர்கள் அவசரப்படவில்லை. நாய்களிலும் ஒரு சிம்பன்ஸியிலும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய பின்னரே, 1940களின் ஆரம்பத்தில் மனிதருக்கு வந்தார்கள். யுத்தகாலத்தில், இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போகும் காயக்காரரின் இதயத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கதீற்றர் மூலம் அளந்தார்கள். காயக்காரருக்கு எவ்வளவு இரத்தம் ஏற்ற வேண்டும் என்ற அறிவு கூர்மையானது இப்படியான அளவீடுகளால்தான். இதயத்தின் ஒவ்வோர் அறையிலும் அழுத்தத்தை அளக்கத் தெரிந்த பின், எந்த வால்வு சுருங்கியிருக்கிறது, எது கசிகிறது என்பதையும் உயிருள்ள நோயாளியில் கண்டுபிடிக்க வழி பிறந்தது.

1956 ஒக்ரோபரில் நோபல் அறிவிப்பு வந்தது. மூவருக்கும் சேர்த்து. கூர்னாண்ட் பரிஸில் பிறந்து, முதலாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படையில் வைத்தியப் பணி செய்து விருது பெற்றவர். ஜேர்மன் படையில் தந்தையை இழந்து, பின்னர் ஹிட்லரின் படையிலும் பணியாற்றியவரோடு அவர் ஸ்டொக்ஹோமில் ஒரே மேடையில் நின்றார். போர்ஸ்மன் அந்நேரம் இதயத்தை விட்டு விலகிக் கால் நூற்றாண்டாகியிருந்தது. பரிசுக்குப் பிறகு இதய ஆய்வு நிலையமொன்றுக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தபோது, அந்தத் துறை தன்னைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது என்று மறுத்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான். தெரியாததைத் தெரியாது என்று ஒரு நோபல் பரிசாளர் சொல்வது சின்ன விடயமல்ல. 1958இல் டுசெல்டோர்ஃபில் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் தலைவரானார். 1972இல் சுயபரிசோதனை என்று பொருள்படும் தலைப்பில் தன்வரலாற்றை வெளியிட்டார். 1979 ஜூன் 1ஆம் திகதி, 74ஆவது வயதில், இதயநோயால் இறந்தார். எபர்ஸ்வால்ட வைத்தியசாலைக்கு இன்று அவருடைய பெயர்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1977இல், சூரிச்சில் அந்திரேயஸ் குருன்ட்சிக் என்ற வைத்தியர் கதீற்றர் நுனியில் சிறு பலூனை வைத்து, அடைபட்ட இதய நாடியொன்றைத் திறந்துவிட்டார். அதுவரை அளக்கவும் படமெடுக்கவும் போன குழாய் அன்றிலிருந்து திருத்தவும் போயிற்று. வால்வுகளின் முறை அதற்குப் பிறகு வந்தது.

இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருப்பது இருகூர் வால்வு. கீழறை சுருங்கும்போது அதன் இரண்டு இதழ்களும் இறுகச் சேர்ந்தால் இரத்தம் உடலுக்குப் போகும். சேராவிட்டால் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து நுரையீரலைத் தேக்கத்துக்கு உள்ளாக்கும். படியேறினால் மூச்சு வாங்கும். பிறகு படுக்கவும் முடியாமல் போகும். 1990களின் ஆரம்பத்தில் மிலான் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒத்தாவியோ அல்ஃபியெரி, நெஞ்சைத் திறந்து அந்த இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு தையலால் இணைத்தார். நடுவே மூடி, இருபக்கமும் இரண்டு சிறு வாசல்கள். அந்தத் தையலின் வேலையைக் கவ்வியொன்றால் செய்வதே இன்றைய முறை. 2003இல் அது முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தொடை நாளத்தால் ஏறும் குழாய் முதலில் வலது சோணையறைக்குள் நுழைந்து, பிறகு இடைச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போகிறது. 1929இல் போர்ஸ்மனின் குழாய் நுனி நின்ற அதே அறை வழியாக.

கவ்வி வால்வைப் பிடிக்கிறது, கசிவு குறைகிறது என்பது படத்தில் தெரியும். நோயாளி அதனால் அதிக காலம் வாழ்கிறாரா என்பது படத்தில் தெரியாது. போர்ஸ்மன் தன் உடலில் செய்த சோதனையின் எல்லையும் இதுதான். குழாய் போகும், ஆள் சாகமாட்டார் என்று காட்ட ஓர் உடல் போதும். பயன் உண்டா என்று அறிய நூற்றுக்கணக்கானோர் வேண்டும். அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கவ்வியும் மருந்தும், மற்றப் பகுதியினருக்கு மருந்து மட்டும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை வைத்தியரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்.

2018இல் அப்படியான இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இதயம் பலவீனப்பட்டு விரிந்ததால் வால்வு கசியத் தொடங்கியவர்களே இரண்டிலும் பங்குபற்றினார்கள். பிரான்சில் 304 பேரில் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மீண்டும் வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் கவ்வி வைத்த பகுதியில் 54.6 சதவீதம், வைக்காத பகுதியில் 51.3 சதவீதம். அதாவது பயன் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரில் நடந்த மற்ற ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் கவ்வி வைத்த பகுதியில் 29.1 சதவீதம், வைக்காத பகுதியில் 46.1 சதவீதம். ஒரே கருவி, ஒரே நோய், நேரெதிரான முடிவுகள்.

வைத்திய உலகம் இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்தது. அமெரிக்க ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களுக்குக் கசிவு அதிகம், ஆனால் இதயம் அவ்வளவு விரிந்துபோகவில்லை. மருந்துகளை உச்ச அளவுக்குக் கொடுத்துப் பார்த்து, அதற்கும் கேட்காதவர்களையே சேர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வில் பலருடைய இதயம் ஏற்கெனவே பெரிதும் விரிந்திருந்தது. வால்வைத் திருத்தியும் தசையை மீட்க முடியவில்லை என்பது பலர் ஏற்கும் விளக்கம். யாருக்கு வைக்க வேண்டும், யாருக்கு வைத்துப் பயனில்லை என்ற அறிவு, பயன் தெரியாத ஆய்விலிருந்தும் வந்தது. அந்த 304 பேரும் கையொப்பமிட்டுச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஆய்வு தோற்றுப்போனதென்று நான் எழுதமாட்டேன்.

எமது பக்கத்தில் வால்வு நோய் என்றால் வேறொரு முகம் உண்டு. சிறுவயதில் தொண்டை நோவாகத் தொடங்கி, வாதக்காய்ச்சலாக மாறி, வால்வின் இதழ்களைத் தடிக்கவைத்து ஒட்டவைக்கும் நோய் அது. மாதாமாதம் பெனிசிலின் ஊசிக்குக் கிளினிக் போய்வந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அது தெரியும். மேலே சொன்ன ஆய்வுகள் அப்படித் தழும்பேறிய வால்வுகளில் நடந்தவையல்ல. தடித்துச் சுருங்கிய இதழ்களைக் கவ்வி சரியாகப் பிடிக்காது. பிடித்தால் வாசல் மேலும் குறுகிவிடக்கூடும். ஆகவே கவ்வி என்ற செய்தியைக் கேட்டு யாரும் நம்பிக்கையோடு கொழும்புக்கோ இந்தியாவுக்கோ புறப்படும் முன், தங்கள் வால்வு எந்த வகை என்று இதய வைத்தியரிடம் கேட்பது நல்லது.

அண்மைய பெரிய ஆய்வொன்று வலது பக்கத்து முக்கூர் வால்வைப் பற்றியது. போர்ஸ்மனின் குழாய் நுனி நின்ற அறையின் வாசற்கதவு அது. நீண்டகாலம் வைத்தியர்கள் பெரிதாகக் கவனிக்காமல் விட்டிருந்த வால்வும் அதுதான். 350 பேர் பங்குபற்றிய அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஒரு மாதத்தில், கவ்வி வைத்தவர்களில் 87 சதவீதமானோருக்குக் கசிவு மிதமான அளவுக்கோ அதற்குக் கீழோ குறைந்திருந்தது. வைக்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் 4.8 சதவீதம். முதலாண்டில் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. நடமாட்டமும் அன்றாட வாழ்வும் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் கவ்வி வைத்தவர்கள் மிக நல்ல பதில் சொன்னார்கள். ஆனால் தமக்குக் கவ்வி வைத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நல்லதாக இருக்கிறது என்று சொல்ல அந்தத் தெரிதலே போதுமா என்று சிலர் ஐயப்பட்டார்கள். இரண்டாண்டு முடிவில், இதயச் செயலிழப்பால் வைத்தியசாலையில் சேர்வது கவ்வி வைத்தவர்களில் குறைந்திருப்பது தெரியவந்தது.

மருந்து மட்டும் என்ற பக்கத்தில் குலுக்கலில் விழுந்தவர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிந்ததும், விரும்பினால் அவர்களும் கவ்வியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆய்வின் விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. பலர் பெற்றுக்கொண்டார்கள்.